ரேடார் டிடெக்டரும் ரெண்டு ஆம்பியர் ஃபியூஸும்

ஏனாத்தூரிலிருந்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறும் கார்க்காரர்களுக்கு ஸ்பீட் கன் என்றால் கொஞ்சம் பயம்தான். ரேடார் டிடெக்டர் வாங்கி மாட்டினாலும் லேசர் கன்னிடம் பலிக்காது. அது கத்துவதற்குள் வேகம் பதிவாகிவிடும். அந்தக் காசுக்கு டேஷ்கேம் மேல்.

எதை மாட்டினாலும் வயரிங் ஒன்றுதான். சிவப்பு வயர், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸுக்கு; கறுப்பு, பாடி இரும்புக்கு. ஆனால் நம்மூரில் என்ன செய்கிறார்கள்? ஏதோ ஒரு வயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றிவிடுகிறார்கள்!

ஃபியூஸ் காப்பது கருவியை அல்ல, வயரைத்தான். 15 ஆம்பியர் லைனில் தலைமுடி மாதிரி வயரைக் கோத்து, அது எங்காவது உரசி அரைகுறையாக ஷார்ட் ஆனால், ஃபியூஸ் சும்மா இருக்கும், வயர் எரியும். டேஷ்கேமுக்கு 2 ஆம்பியர் ஃபியூஸே தாராளம். அதைத் தனியாகப் போட ஃபியூஸ் டேப் என்றே ஒரு சின்ன சாமான் கிடைக்கிறது. மெக்கானிக் சிரித்தாலும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.