பிறர்க்கான மூச்சு

மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர் பற்றிப் பாட்டனார் கூறக் கேட்டு வளர்ந்தவன் நான். கல்லின் பாரத்தால் கடலடி சென்று, ஒரே மூச்சில் சிப்பி பொறுக்குவான் சுழியோடி. தோணியிலே கயிறு பிடித்திருப்பவனின் விழிப்பிலேயே அவனது உயிர் தங்கியிருந்தது. அக்கதையின் உட்பொருளைப் பல ஆண்டுகளின் பின், சிட்னியின் ஷெல்லி கடற்கரையிலேதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

என் மகள் பதினாறு வயதில் சுழியோடக் கற்றாள். அவளுக்குத் துணையாக நானும் கற்றேன். சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அமுக்கத்தில் அடைபட்டிருக்கும் காற்றை நேரடியாகச் சுவாசித்தல் இயலாது. ரெகுலேற்றர் என்னும் கருவியின் முதற்படி, அவ்வமுக்கத்தைச் சூழவுள்ள நீரின் அமுக்கத்திலும் சுமார் 10 பார் மட்டுமே கூடியதாகக் குறைக்கிறது. வாயிற் பொருந்தும் இரண்டாம் படி, நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றைத் தருகிறது. 1943 இல் கூஸ்தோ, கான்யான் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் உருவாக்கிய கருவியின் வழிவந்ததே இது.

முதற்படியிலிருந்து மற்றுமொரு குழாயில் மாற்று வாய்க்கருவி ஒன்றும் தொங்கும். அதனை 'ஒக்டோபஸ்' என்பர். எனக்கென நல்ல ரெகுலேற்றரைப் புதிதாக வாங்கிய நான், ஒக்டோபஸை மட்டும் பழையதாக, மலிவாக வாங்கினேன். "எப்போதாவது பயன்படுவதற்கு இது போதும்" என்பதே என் கணக்கு.

ஒருநாள் ஒன்பது மீற்றர் ஆழத்தில், மகளின் வாடகைக் கருவியிலிருந்து காற்று கட்டுக்கடங்காது பீறிட்டது. சிலிண்டர் விரைவாக வெறுமையாயிற்று. அவள் கையைக் கழுத்துக்குக் குறுக்கே அசைத்தாள். என் ஒக்டோபஸை நீட்டினேன். முதல் மூச்சிலேயே அவள் முகம் மாறியது. காற்றோடு கடல்நீரும் அவள் வாய்க்குள் சென்றது. உடனே என் வாயிலிருந்த நல்ல கருவியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, பழையதை நான் கவ்விக்கொண்டேன். ஒவ்வொரு மூச்சிலும் உப்புநீரைச் சுவைத்தவாறு, மூச்சை அடக்காமல், அவள் கையைப் பற்றி மெல்ல மேலெழுந்தேன்.

பின்னர் கருவி திருத்துபவர் அதனைக் கழற்றிக் காட்டினார். மூச்சு வெளியேறும் வழியிலிருந்த மெல்லிய இறப்பர்த் தட்டு நெளிந்திருந்தது. சில காசுகள் பெறும் பொருள்! ஆயின் என்னை வருத்தியது அந்தத் தட்டன்று. ஒக்டோபஸ் பெரும்பாலும் பிறருக்குக் கொடுப்பதற்கே உரியது. எனக்கு நல்ல மூச்சையும் என் மகளுக்கு மலிவான மூச்சையும் நானே தெரிந்தெடுத்திருந்தேன்.

அதன் பின்னர் கவனமாகத் தேர்ந்தேன். பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்காவதால் ஒவ்வொரு மூச்சுக்கும் இருமடங்கு காற்று வேண்டும். இருவர் ஒருங்கே சுவாசித்தால் தேவை மேலும் பெருகும். ஆகவே, சிலிண்டரில் காற்றுக் குறைந்தாலும் தளராது வழங்கும் சமநிலை முதற்படியை வாங்கினேன். ஒக்டோபஸின் குழாய் நீண்டதாகவும், எளிதிற் கண்ணிற்படும் மஞ்சள் நிறமாகவும் இருத்தல் வேண்டும். தலைகீழாக வாயில் வைத்தாலும் நீர் புகாத அமைப்புச் சாலச் சிறந்தது. பதற்றத்தில் எவரும் மேல் கீழ் பார்ப்பதில்லை. அதனை நெஞ்சருகே, எட்டும் இடத்தில் மாட்டுதல் வேண்டும். பிரதான கருவியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் அதே நாளில் இதனையும் கொடுத்தல் வேண்டும். நீரில் இறங்குமுன் இரண்டிலும் மூச்சிழுத்து, அமுக்கமானியின் முள் தடுமாறுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, பிறருக்கென வைத்திருக்கும் பொருளை நாம் எவ்வாறு பேணுகிறோம் என்பது அவசர வேளையிலேயே வெளிப்படும். இப்போது ஒவ்வொரு முறையும் கடலில் இறங்கியதும், முதற் சில நிமிடங்கள் மஞ்சட் குழாயிலேயே நான் சுவாசிக்கிறேன். மகள் இட்ட கட்டளை அது. "எனக்குத் தரப்போவதை முதலில் நீங்கள் பாவித்துப் பாருங்கள், அப்பா" என்றாள் அவள்.