மேம்படுத்தலுக்குப் பின் மாறிய எண்

2019ஆம் ஆண்டுக் கோடையில், ஒக்கலிபுரத்து மாடியறை ஒன்றில் குடியிருந்த பொருளியல் ஆய்வாளர் ஒருவர், தம் ஆய்வேட்டின் நான்காம் இயலை நெறியாளரிடம் ஒப்படைக்கும் தறுவாயில் இருந்தார். பெங்களூரு நகர ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதி அது. தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இடம். இருப்புப்பாதைகளின் அடியில் சாலையை அகலப்படுத்தும் பணி அப்போது நடந்துகொண்டிருந்தது. மேலே ரயில்கள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தன.

ஆய்வேடு எழுதப்படும் ஆண்டுகளில் கணினியும் அவ்வாறே மாறுகிறது. வேலை நிற்பதில்லை, அதன் அடியில் இருக்கும் மென்பொருள் மட்டும் புதிதாகிறது. அவருடைய உபுண்டு கணினியில் 'ஆர்' என்னும் புள்ளியியல் மென்பொருளின் 3.5 வரிசைப் பதிப்பு இருந்தது. ஏப்ரல் 26 அன்று 3.6.0 வெளிவந்தது. ஒரு மாலையில் அவர் புதிய நிறுவிப் பொதியை இறக்கி, பழையதன் மேல் நிறுவினார். சில நிமிடங்களில் பணி முடிந்தது. பிழைச்செய்தி எதுவும் தோன்றவில்லை.

இத்தகைய பொதியின் உள்ளே நடப்பது எளிமையானதன்று. டெபியன், உபுண்டு போன்ற இயங்குதளங்களில், புதிய பொதி வரும்போது பழைய பொதியோடு வந்த 'நீங்கும் முன் செய்ய வேண்டியவை' என்னும் குறுநிரல் முதலில் இயங்கும். பின்னர்ப் புதிய கோப்புகள் பழையவற்றின் இடத்தில் விரிக்கப்படும். இடையில் தடை நேர்ந்தால் மீட்டெடுக்கும் பொருட்டு, பழைய கோப்புகளின் நகல்கள் அதுவரை காக்கப்படும். புதிய பதிப்பில் இடம்பெறாத கோப்புகள் அகற்றப்படும். பயனர் தம் கைப்படத் திருத்திய அமைப்புக் கோப்பு ஏதேனும் புதிய பதிப்பிலும் மாறியிருந்தால், நிறுவி அங்கே நின்று எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும்; விடை சொல்லாமல் விசையை அழுத்தினால் பயனருடையதே நிலைக்கும். பயனரின் தரவுகளையும் கட்டுரைகளையும் அது தொடுவதில்லை.

இவ்வளவு கவனமும் கோப்புகளைக் குறித்தது. அந்தக் கோப்புகளைக் கொண்டு முன்பு பெறப்பட்ட முடிவுகளைப் பற்றி நிறுவிக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலை அவர் அதே தரவை, அதே நிரலை, அதே விதை எண்ணோடு ஓட்டினார். குடும்பக் கணக்கெடுப்பிலிருந்து ஆயிரம் முறை மறுமாதிரி எடுத்துக் கணிக்கும் நிரல் அது. முந்தைய நாள் வரை 0.05 என்ற எல்லைக்குக் கீழே இருந்த எண், இப்போது சற்றே மேலே சென்றிருந்தது. இயலின் மைய வாதம் அந்த ஓர் எண்ணைப் பற்றிக்கொண்டு நின்றது.

காரணம் வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. நிறுவும் முன் அவர் அதைப் படிக்கவில்லை. பழைய பதிப்புகளில் மாதிரி எடுக்கும் செயற்கூறு, சமவாய்ப்பு எண்ணைப் பெருக்கி முழு எண்ணாக்கியது. தொகுதி மிகப் பெரிதானால், சில உறுப்புகளுக்கு மற்றவற்றைவிடச் சிறிது கூடுதல் வாய்ப்பு கிடைத்தது. 3.6.0 இக்குறையை நீக்கியது. அதன் விளைவாக, ஒரே விதை எண் பழைய பதிப்பில் ஒரு மாதிரியையும் புதியதில் வேறொரு மாதிரியையும் தந்தது.

இது 'ஆர்' மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று. மூளைப் படங்களை அளக்கும் 'ஃப்ரீசர்ஃபர்' மென்பொருளின் மூன்று பதிப்புகளில் ஒரே படங்களை அளந்து பார்த்த குரோனன்ஷில்ட் குழுவினர், 2012இல் 'பிளாஸ் ஒன்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். பதிப்புகளுக்கிடையே கன அளவில் சராசரியாக 8.8 விழுக்காடும், புறணியின் தடிப்பில் 2.8 விழுக்காடும் வேறுபாடு காணப்பட்டது. ஆய்வின் நடுவில் பதிப்பை மாற்ற வேண்டாம் என்பது அவர்கள் தந்த அறிவுரை.

ஒக்கலிபுரத்து ஆய்வாளருக்கு முன்னே எளிய வழி ஒன்றும் இருந்தது. பழைய மாதிரி முறையை மீட்டுத்தரும் ஒற்றை வரிக் கட்டளையை 'ஆர்' உருவாக்கியோரே தந்திருந்தனர். பழைய ஆய்வுகளைச் சரிபார்க்க வேண்டியவர்களுக்கு அது தேவை. அந்த வரியை நிரலின் தலைப்பில் சேர்த்தால் எண் எல்லைக்குக் கீழே திரும்பிவிடும். நெறியாளரும் தேர்வாளரும் அறியப்போவதில்லை. அவர் அதைச் சேர்த்தார். பழைய எண் திரும்பி வந்தது. அன்று இரவு முழுவதும் அந்த வரி நிரலில் இருந்தது.

காலையில் அவர் அதை நீக்கிவிட்டு வேறொன்று செய்தார். விதை எண்ணை மட்டும் மாற்றி மாற்றி நிரலை இருபது முறை ஓட்டினார். பழைய முறையிலும் புதிய முறையிலும் எண் எல்லைக்கு இருபுறமும் ஊசலாடியது. மறுமாதிரிகளின் எண்ணிக்கையைப் பத்தாயிரமாக உயர்த்தியபோது ஊசலாட்டம் அடங்கி, எண் எல்லைக்குச் சற்று மேலே நிலைகொண்டது. நான்கு ஆண்டுகளாக உறுதியென அவர் நம்பியிருந்தது ஒரு விதை எண்ணின் தயவில் நின்றிருக்கிறது. மேம்படுத்தல் அவருடைய முடிவைக் கெடுக்கவில்லை. அது தொடக்கம் முதலே தளர்வாக இருந்ததை வெளிப்படுத்தியது.

மேம்படுத்தாமல் இருப்பதைத் தீர்வெனக் கொள்வாரும் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்களையும் பிழைநீக்கங்களையும் இழந்து பழைய பதிப்பிலேயே ஒடுங்குவது ஆய்வைக் காப்பதாகாது. காக்கும் வழி எளியது: நிறுவும் முன் வெளியீட்டுக் குறிப்பைப் படிப்பது, பதிப்பு எண்களைக் குறித்துவைப்பது, பழைய பொதியை அழிக்காமல் வைத்திருப்பது, நிறுவியபின் தெரிந்த விடையுள்ள ஒரு கணக்கை மீண்டும் போட்டுப் பார்ப்பது. ஆய்வகப் பதிவேட்டில் வேதிப்பொருளின் தூய்மையைக் குறிப்பதுபோல் மென்பொருளின் பதிப்பையும் குறிக்க வேண்டும் என்பதை ஆய்வு முறையியல் வகுப்புகள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இயல் இரண்டு வாரத் தாமதத்தில் நெறியாளரிடம் சென்றது. 'மெய்ப்பிக்கிறது' என்றிருந்த இடத்தில் 'சுட்டுகிறது, ஆயினும் உறுதி போதாது' என்று எழுதப்பட்டிருந்தது. முதற்பக்க அடிக்குறிப்பில் மென்பொருளின் பதிப்பு, விதை எண், மறுமாதிரிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் இருந்தன. நெறியாளர் அவ்வியலில் முதலில் அடிக்கோடிட்டது அந்த அடிக்குறிப்பை.