நனைத்த ஓலை

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் நாட்காட்டியில் ஒரு தேதி மட்டும் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருக்கும். அது திருவிழா நாளன்று, பிறந்தநாளுமன்று. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் தொடர்வண்டிக்கு முன்பதிவு தொடங்கும் நாள் அது.

பயண நாளுக்கு 120 நாள்கள் முன்பாகவே பயணச்சீட்டுப் பதிவு செய்யலாம் என்றிருந்த விதி, 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்கள் என மாறியது. 2025 மே 24 அன்று ஹஜ்ரத் நிஜாமுத்தீன் நிலையத்தில் திருக்குறள் விரைவுவண்டியில் ஏறித் திருநெல்வேலி செல்ல விரும்பியது ஒரு குடும்பம். தந்தை பயண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினார். மார்ச் 25 என்று விடை வந்தது. அன்று காலை 8 மணிக்குப் பதிவு தொடங்கும்முன் அவர் கணினியின்முன் அமர்ந்திருந்தார்.

தாயின் திட்டமோ சமையலறையில் உருவானது. வண்டியில் இரண்டு இரவுகள் கழிய வேண்டும். முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, அதன்பின் புளியோதரை, எல்லாம் தீர்ந்தபின் முறுக்கு. விரைவில் கெடுவது முதலில், நாள்பட நிற்பது பின்னர் என்பது அவர் வகுத்த முறை.

இத்தகைய பெற்றோரின் மகள், தன் பள்ளிப் பணிகளில் மட்டும் திட்டம் என்பதை அறியாதவளாக இருந்தாள். அதன் விலையை அவள் முந்தைய ஆண்டே கொடுத்திருந்தாள்.

அப்போது அவள் ஆறாம் வகுப்பு முடித்து ஊருக்குச் சென்றிருந்தாள். தில்லியிலேயே முடித்திருக்க வேண்டிய விடுமுறைப் பாடங்கள் அனைத்தும் பையில் அப்படியே இருந்தன. ஊரிலும் நாள்கள் நுங்கிலும் ஆற்றுக் குளியலிலும் கரைந்தன. புறப்பட நான்கு நாள்களே இருந்தபோது அவள் அஞ்சிப்போய்க் குறிப்பேடுகளை விரித்தாள். 50 கணக்குகள், இரண்டு நிலப்படங்கள், ஒரு தமிழ்க் கட்டுரை, பயற்றுச் செடியின் வளர்ச்சியைப் பத்து நாள் அளந்தெழுதும் அறிவியல் பணி. பத்து நாள் வளர வேண்டிய செடியை நான்கு நாளில் வளர்ப்பது எவ்வாறு?

அந்த நாள்களில் ஒரு காலைப் பொழுதில் ஆச்சி பனங்குருத்தோலையை வார்ந்து, நீரில் நனைத்துத் திண்ணையில் வைத்தார். பேத்திக்கு ஓலைப்பெட்டி முடையக் கற்றுத்தர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"நாளைக்குக் கற்றுக்கொள்கிறேன் ஆச்சி, நிறைய எழுத வேண்டியிருக்கிறது" என்றாள் சிறுமி.

"நனைச்ச ஓலை நாளைக்குன்னு காத்துக் கிடக்காது, தாயி" என்றார் ஆச்சி. குரலில் சினம் இல்லை. மாலையில் அவள் எழுந்து வந்தபோது ஓலை உலர்ந்து விறைத்திருந்தது. ஆச்சி அதை மடக்கிப் பரண்மேல் வைத்தார்.

மறு ஆண்டு, விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன், வகுப்பாசிரியை ஒரு வினா எழுப்பினார்: "உங்கள் வீட்டில் ஊர்ப்பயணத்திற்கு எவ்வாறு ஆயத்தம் செய்கிறார்கள்?" கேரளம், பீகார், ஒடிசா, தமிழ்நாடு எனப் பல மாநிலக் குழந்தைகள் அவ்வகுப்பில் இருந்தனர். கைகள் பல உயர்ந்தன. சிறுமி தந்தையின் சிவப்பு வட்டத்தையும் தாயின் இட்லியையும் பற்றிக் கூறினாள். ஆசிரியை அவற்றைக் கரும்பலகையில் எழுதி, "விடுமுறைப் பாடங்களையும் இப்படியே செய்தால் என்ன?" என்றார்.

பின்னர் முறையை விளக்கினார். பெரிய பணியைச் சிறு பணிகளாகப் பிரிக்க வேண்டும். முடிக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்கும் நாளைக் குறிக்க வேண்டும். காத்திருக்க இயலாத பணியை முதலில் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே எழுதி, முடிந்தபின் உண்மையில் ஆன நேரத்தை அதன் அருகில் எழுத வேண்டும். இறுதியாக, சில நாள்களை வெறுமையாக விட வேண்டும்.

"வெறும் நாள் எதற்கு?" என்று ஒரு மாணவன் வினவினான்.

"நீ எண்ணிப் பாராதது ஒன்று நிச்சயம் வரும். அதற்கு" என்றார் ஆசிரியை.

விடுமுறை தொடங்கியபின் சிறுமிக்குத் தில்லியில் 14 நாள்கள் கிடைத்தன. பதினோரு நாள்களுக்குப் பணிகளைப் பகிர்ந்தாள். மூன்று நாள்களை வெறுமையாக விட்டாள். முதல் நாளே பயற்றை ஊறவைத்தாள். நாளொன்றுக்கு ஐந்து கணக்குகள் என்று வகுத்ததால் 50 கணக்குகள் மலைபோல் தோன்றவில்லை.

ஆயினும் திட்டம் பிசகாமல் ஓடவில்லை. நிலப்படத்திற்குப் பத்து நிமிடம் என்று எழுதியிருந்தாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்து இரண்டு நாள்கள் படுத்துவிட்டாள். வெறுமையாக விட்டிருந்த நாள்கள் அப்போது கைகொடுத்தன. அடுத்த நிலப்படத்திற்கு அவள் தயங்காமல் நாற்பது நிமிடம் என்று எழுதினாள். தன் வேகத்தைத் தானே அளந்து அறிந்துகொண்டாள்.

அவள் ஏறிய வண்டிக்குப் பெயர் தந்த நூலிலும் இச்செய்திகளுக்கு இடமுண்டு. காலமறிதல், வலியறிதல், வினைசெயல்வகை என்னும் அதிகாரங்களைத் திருவள்ளுவர் பொருட்பாலில் அமைத்தார். அரசர்க்கும் அமைச்சர்க்கும் உரிய பகுதிகளில் அமைந்த அவை, விடுமுறைப் பாடம் எழுதும் மாணவிக்கும் பொருந்துகின்றன.

இம்முறை ஊருக்கு வந்தபோது பையில் எழுத வேண்டிய ஏடு ஒன்றும் இல்லை. வந்த மறுநாளே, "ஓலை நனைப்போமா ஆச்சி?" என்று சிறுமி கேட்டாள்.

ஆச்சி மகிழ்ந்தார். ஆனால் ஓராண்டில் அவருடைய விரல்கள் தளர்ந்திருந்தன. அடிப்பகுதியை மெல்ல முடைந்து காட்டினார். விளிம்பை மடித்துப் பின்னும் இடம் வந்ததும் கை நடுங்கியது. அதற்குமேல் சொல்லால்தான் கற்பிக்க முடிந்தது. சிறுமி கேட்டுக் கேட்டுப் பின்னினாள். சென்ற ஆண்டு அவ்விரல்கள் உறுதியாக இருந்தன என்பதை அவள் எண்ணிப் பார்த்தாள். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அப்பெட்டி இன்று தில்லியில், அவளுடைய படிப்பு மேசைமேல் இருக்கிறது. விளிம்பு ஒரு பக்கம் சற்றுக் கோணலாக இருக்கும். அதனுள் எழுதுகோல்களும் அடுத்த வாரத்திற்கான பணிப்பட்டியலும் இருக்கின்றன. பட்டியலின் முதல் வரி எந்த வாரத்திலும் மாறுவதில்லை: ஞாயிறு மாலை, ஆச்சியோடு பேச வேண்டும்.