பாலாவியிலிருந்து திமிங்கிலம் பார்க்க

எமது மகளிர் சேமிப்புக் குழுவில் மன்னார்ப் பக்கத்துத் தமிழ்ச் சகோதரி ஒருவர் இருக்கிறார். அவருடைய அக்காவின் மகன் நோர்வேயின் வடகோடியில், மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். 1980களிலிருந்தே எம் நாட்டுத் தமிழர் பலர் அந்தப் பனிக்கரைக் கிராமங்களுக்குப் போய் மீன் வெட்டிப் பிழைத்திருக்கிறார்கள். கடந்த டிசம்பரில் அந்தப் பிள்ளை தொலைபேசியில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அங்கே அந்த மாதத்தில் சூரியன் எழுவதேயில்லை. நண்பகலிலும் மங்கல் வெளிச்சம்தான். தடித்த உடுப்புப் போட்டவர்கள் படகொன்றில் நிற்க, கறுப்பாக ஒரு முதுகு எழும்பி, புகைபோல மூச்சு விட்டுவிட்டு மறைகிறது.

கூட்டம் முடிந்தபின் எல்லோரும் அதைச் சுற்றி நின்று பார்த்தோம். "இதப் பாக்க இவ்வளவு குளிருக்குள்ள, காசும் கட்டிப் போறாங்களா?" என்றார் ஒருவர். "எங்கட கடல்ல இல்லாததா?" என்றார் இன்னொரு ராத்தா. அவர் பகிடிக்குத்தான் சொன்னார். நான் அதை விடவில்லை.

உண்மையிலேயே எங்கள் கடலில் உண்டு. கொழும்பு வீதியில் புத்தளத்துக்குச் சற்றுத் தெற்கே உள்ள பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதி பிரிகிறது. (மன்னாரில் திருக்கேதீஸ்வரத்துத் தீர்த்தத்துக்கும் பாலாவி என்றுதான் பெயர். எங்கள் தமிழ்ச் சகோதரி முதன்முதலில் இந்தப் பஸ் பலகையைப் பார்த்தபோது ஊருக்கே திரும்பிவிட்டதாக நினைத்தாராம்.) கற்பிட்டி முனைவரை சுமார் 40 கிலோமீற்றர். வலப்பக்கம் களப்பு, இடப்பக்கம் கடல், நடுவில் வெங்காயமும் மிளகாயும் விளையும் மணல் நிலம். நுரைச்சோலையில் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கியைத் தாண்டினால் ஆலங்குடா. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் வெளிநாட்டார் டொல்பின் பார்க்கப் போகிறார்கள். யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு இது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. மே மாதம் தென்மேல் காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். பிறகு போக முடியாது.

டொல்பின்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வரும். சுழன்று சுழன்று பாயும் வகை அது. திமிங்கிலம் அப்படியல்ல, அதிர்ஷ்டம் இருந்தால்தான். கரைக்கு அப்பால் கடலடி சட்டென்று ஆழமாகும் இடத்தில் அவை திரிகின்றன. இங்கே அதிகம் பேசப்படுவது பெரிய தலையும் பல்லும் உள்ள ஓர் இனம். நாங்கள் வாசனைக்கு அறிந்த அம்பர் இதன் குடலில் உண்டாவதுதான். இரைக்காக ஒரு கிலோமீற்றர் ஆழம்கூடப் போய், முக்கால் மணி நேரம் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்.

இந்த இனத்தைப் பற்றி வாசித்தபோது ஓரிடத்தில் நிறுத்திவிட்டேன். பெண்களும் குட்டிகளும் எங்கள் கடலைப் போன்ற சூடான கடல்களிலேயே குடும்பமாக வாழ்கின்றன. ஆண்கள் வளர்ந்ததும் பிரிந்து, துருவக் கடல்வரை போய்விடுகின்றன. நோர்வேயின் ஆண்டெனஸ் என்ற மீன்பிடிக் கிராமத்தில் காசு கட்டிப் பார்க்கும் இவ்வினத் திமிங்கிலங்கள் ஆண்களே. இங்கே ஒரு தாய் ஆழத்துக்கு இரை தேடிப் போகும்போது, குட்டியால் அவ்வளவு ஆழம் போக முடியாது. அதனால் வேறு பெண்கள் மேலே குட்டியோடு நின்றுகொள்ளும். இதைக் கூட்டத்தில் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, கணவர் காணாமற்போன ஒரு ராத்தா, "அப்ப அதுகளும் எங்களப் போலத்தான்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

இவ்வளவும் பேசிய பிறகு பயணத்தைத் திட்டமிடத் தொடங்கினோம். உடனே ஒரு கேள்வி வந்தது. உதவிக்கு நான் அணுகிய ஒருவர், "தையல் மெஷின் கேட்டிருந்தால் தந்திருக்கலாம், கடல் பார்க்கவா காசு?" என்றார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஓய்வு நேரத்தைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. அதில் எங்கள் பெண்களைப் போன்றவர்கள் யாரும் இருக்கவில்லை. நாங்கள் ஒருவரிடமும் கேட்காமல், வாரம் கொஞ்சமாக மூன்று மாதம் சேர்த்தோம்.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில விடயங்கள். கட்டணம் பெரும்பாலும் படகுக்குத்தான், ஆளுக்கு அல்ல; ஆகவே படகு நிறையச் சேர்ந்து போங்கள். உள்ளூர்ப் பெண்கள் குழு என்று முதலிலேயே சொல்லி விலை பேசுங்கள். விடியற்காலையில் புறப்படவேண்டும், வெயில் ஏறினால் காற்றும் ஏறும். கரையில் இறங்குதுறை இல்லை, முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் ஏறவேண்டும். அபாயா அணிபவர்கள் உள்ளே காற்சட்டை போட்டுக்கொள்வது நல்லது. மலசலகூடம் எங்கே என்று முதல்நாளே விசாரியுங்கள், கடலில் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வயிறு நிறையச் சாப்பிடாமல் இஞ்சித் தேநீர் குடியுங்கள். உயிர்காப்பு அங்கி தராத படகில் ஏறாதீர்கள். டொல்பின் கூட்டத்தை விரட்டிக்கொண்டு ஓட வேண்டாம், திமிங்கிலம் வந்தால் 100 மீற்றராவது தள்ளி நில்லுங்கள் என்று படகோட்டி நானாவிடம் நீங்களே சொல்லவேண்டும். குட்டியோடு வரும் தாய்கள் அவை.

எங்கள் பட்டியலில் பதினான்கு பெயர் சேர்ந்தது. உம்மாவின் பெயர் மட்டும் இல்லை.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து உம்மா என்னையும் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தார். எனக்கு மூன்று வயது, ஒன்றும் ஞாபகமில்லை. மழை பெய்தது, பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். உம்மா சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "கரை தெரியல்ல." அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடமாகக் கடலுக்கு இத்தனை கிட்ட வாழ்ந்தும் அவர் கடற்கரைக்குப் போனதில்லை. பட்டியலில் உள்ள இன்னும் மூன்று பேர் அதே நாட்களில் அதே கடலால் வந்தவர்கள். அவர்கள் வரச் சம்மதித்ததே எனக்கு ஆச்சரியம். ஆனால் உம்மாவை நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்திப் பயத்தைப் போக்கலாம் என்பதை இந்த வேலைக்கு வந்தபின் நான் நம்புவதில்லை.

போகும் நாள் சுபஹுக்குப் பிறகு வேன் வந்து நின்றபோது, உம்மா தேநீர்ப் போத்தலோடு வாசலில் நின்றார். "கரையில இருக்கிறன்," என்றார்.

கடல் அன்று எண்ணெய்போலக் கிடந்தது. இரண்டு படகில் போனோம். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் நாலாபக்கமும் டொல்பின்கள். படகின் முன்னால் குட்டியும் தாயும் ஒட்டிக்கொண்டே நீந்தின. வள்ளத்தில் வந்த மூவரில் ஒருவர் முதலில் பலகையை இறுகப் பிடித்தபடி இருந்தார். பிறகு கையை எடுத்துத் தண்ணீரில் வைத்தார். திமிங்கிலத்தைக் காணவில்லை. மார்ச் கடைசியில் வந்தால் வாய்ப்புக் கூட என்று நானா சொன்னார்.

திரும்பி வரும்போது உம்மா மணலில், நாங்கள் விட்டுப்போன செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தார். டொல்பின் பற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்து, "கரை தெரிஞ்சுதா மகள்?" என்றார்.

"தெரிஞ்சது உம்மா. நுரைச்சோலைப் புகைபோக்கி கடைசி மட்டும் தெரிஞ்சது."

"அவ்வளவு தூரத்துக்கும்?"

"அவ்வளவு தூரத்துக்கும்."

தேநீர் ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். மார்ச் மாதப் பயணத்துக்கு இப்போது பட்டியல் எழுதுகிறோம். உம்மாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை. பதினைந்தாவது வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.