ஏழு சென்டிமீட்டர்

அந்தத் துளையை அடைத்தது நான்தான். ஒரு இஞ்ச் பி.வி.சி. குழாயில் மூன்று மில்லிமீட்டர் துளை. எம்-சீலைப் பிசைந்து உருட்டி, துளைமேல் வைத்து அழுத்தி, ஈரக் கட்டைவிரலால் தடவி மட்டப்படுத்தினேன். அன்று இரவு தொட்டி சத்தமில்லாமல் ஓடியது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன். எட்டு மாதம் கழித்து, கார்த்திகை மாதத்தில் ஒரு விடியற்காலை, கீழ்வீட்டு டீச்சரம்மா வந்து கதவைத் தட்டினார்.

சென்னையில் முதல் மாடி வீடு எங்களுடையது. கூடத்தில் நான்கடி நீளக் கடல்நீர்த் தொட்டி. கண்ணாடி வேலை கொளத்தூரில் செய்தது. உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு கிளீனர் இறால், ஒரு நட்சத்திர மீன். பவளம் வைக்கவில்லை. கடினப் பவளங்கள் எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவை. அவற்றை வாங்குவதோ விற்பதோ குற்றம். கோமாளி மீன்களும் கடலில் பிடித்தவை அல்ல, தொட்டியில் பொரித்த குஞ்சுகள். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் இவற்றை இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு இந்த ஆசையே வந்தது. கடலிலிருந்து எதையும் பறிக்காமல் கடலை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

நன்னீர்த் தொட்டிபோல ஒரு ஃபில்டரை மாட்டிவிட்டுப் போக இதில் முடியாது. தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள், இன்னொரு கண்ணாடித் தொட்டி வேண்டும். மீன் வளர்ப்பவர்கள் அதையும் சம்ப் என்றே சொல்வார்கள். வீட்டுத் தரைக்கடியில் இருக்கும் சம்ப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மேல்தொட்டியின் மூலையில் ஒரு வழிசல் பெட்டி. அதன் விளிம்பைத் தாண்டி வழியும் தண்ணீர் இறக்குக் குழாயில் சம்புக்கு வரும். அங்கே ஸ்கிம்மர் அழுக்கை நுரையாக்கி எடுக்கும். மோட்டார் தண்ணீரை ஏற்றுக் குழாய் வழியாக மறுபடி மேலே தள்ளும். நாள் முழுக்க இதே சுற்று. இந்தச் சுற்றை உண்டாக்குவது குழாய்தான். மீனைப் பற்றி ஆறு மாதம் படித்த நான், குழாயை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் அடி கடையிலேயே விழுந்தது. "ஒரு இஞ்ச் பைப் பத்தடி, ஒரு இஞ்ச் எல்போ எட்டு" என்று கேட்டேன். கொடுத்தார்கள். நம் ஊர்க் கடைகளில் ஒரு இஞ்ச் என்ற பெயரில் மூன்று அளவுகள் இருக்கின்றன. தோட்டத்துக்குப் போடும் பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 32 மில்லிமீட்டர். வீட்டு வேலைக்கு வரும் யு.பி.வி.சி. 33.4. வெந்நீருக்குப் போடும் சி.பி.வி.சி. 28.6. எனக்குக் கிடைத்தது 32 குழாயும் 33.4 எல்போவும். உள்ளே விட்டால் லேசாக ஆடியது. பசையைத் தாராளமாகப் பூசினால் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினேன். சால்வென்ட் சிமெண்ட்டைப் பசை என்று சொல்கிறோம், ஆனால் அது இடைவெளியை நிரப்புகிற பசை இல்லை. இரண்டு பரப்பையும் கரைத்து, கரைந்த நிலையில் ஒன்றோடொன்று கலக்க வைத்து, பிறகு ஆவியாகிப் போய்விடும். பரப்புகள் இறுக்கமாகத் தொட்டால்தான் அவை ஒரே பிளாஸ்டிக்காகும். இடையில் ஒன்றரை மில்லிமீட்டர் காற்று இருந்தால் அது வெறும் தோல்தான்.

சோதனை ஓட்டத்தில் மூன்றாம் நாள் அந்த மூட்டுகளில் வெள்ளை பூத்தது. கடல்நீரின் கசிவு சொட்டாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் வெளியே பூவாகத் தங்கும். பூ தெரிந்த இடம் ஓட்டை. எல்லாவற்றையும் அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினேன். கூடவே பித்தளை பால் வால்வு ஒன்றையும் திருப்பிக் கொடுத்தேன். பித்தளையில் இருப்பது செம்பு. கடல்நீரில் அது கரைந்தால் மீன் தாங்கினாலும் இறால் தாங்காது. பிளாஸ்டிக் வால்வுதான் போட வேண்டும்.

இரண்டாவது முறை உதவிக்கு எங்கள் குடியிருப்புக்கு வழக்கமாக வரும் பிளம்பர் அண்ணன் வந்தார். மீன் தொட்டிக்குக் குழாய் போடுவது அவருக்கும் புதிது. ஆனால் அவர் கை பழகிய கை. குழாயை நேராக அறுத்து, விளிம்பின் பிசிறைக் கத்தியால் சீவி, பசை பூசி, உள்ளே தள்ளும்போது கால் சுற்றுத் திருப்பி, முப்பது எண்ணும்வரை அசையாமல் பிடித்திருந்தார். "இருபத்துநாலு மணி நேரம் தண்ணி விடாதீங்க சார்" என்றார். பிறகு ஏற்றுக் குழாயைப் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார்.

"மோட்டார்கிட்ட ஒரு யூனியன், மேல ஒரு யூனியன் போட்டுக்கலாம் சார். நாளைக்குக் கழட்டணும்னா அறுக்க வேண்டாம்."

யூனியனுக்கு அலமாரியில் இடம் போதாது என்று மறுத்தேன்.

"அப்போ கரண்ட் போனா இந்தத் தண்ணி எங்க சார் போகும்?"

"என்.ஆர்.வி. போட்டிருக்கேன் அண்ணே. திரும்ப வராது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் சட்டென்று கூலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அவர் கேட்டதுதான் கேள்வி. அந்தக் காலத்தில் பேரலிலிருந்து மண்ணெண்ணெயை ரப்பர் குழாய் போட்டு வாயால் உறிஞ்சி இறக்குவார்கள், ஞாபகமிருக்கும். ஒரு முறை உறிஞ்சிவிட்டால் போதும், மேலே குழாயின் முனை எண்ணெயில் மூழ்கியிருக்கும்வரை அது தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். மோட்டார் நின்றதும் ஏற்றுக் குழாய் அந்த ரப்பர் குழாயாகிவிடும். மேல்தொட்டியில் அதன் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அவ்வளவு ஆழத்துத் தண்ணீரும் கீழே வரும். அதைத் தடுக்கத்தான் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்னத் துளை போடுவார்கள். மட்டம் துளைக்கு இறங்கியதும் காற்று உள்ளே புகும், இறக்கம் அறுந்துவிடும்.

நானும் துளை போட்டிருந்தேன். தொட்டி ஓடும்போது அதிலிருந்து தண்ணீர் சீறியது. குழாயின் வாயும் மேலாக இருந்ததால் சலசலப்பு வேறு. தூக்கம் கெடுகிறது என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வாயை ஒரு துண்டுக் குழாய் போட்டு ஏழு சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கினேன். துளையை அடைத்தேன். இரண்டையும் ஒரே மாலையில் செய்தேன். இனி காவலுக்கு என்.ஆர்.வி. மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு முறைகூட ஸ்விட்சை அணைத்துப் பார்க்கவில்லை. அதன் பிறகு பகலில் இரண்டொரு தடவை மின்சாரம் போனது, ஒன்றும் ஆகவில்லை. அதையே சோதனையாக எடுத்துக்கொண்டேன்.

என்.ஆர்.வி. என்கிற ஒருவழி வால்வின் உள்ளே இருப்பது ஒரு சின்ன மடல். தண்ணீர் மேலே போகும்போது திறக்கும், திரும்பினால் மூடும். கடல்நீரில் இருட்டான குழாய்க்குள் சும்மா எதுவும் இருப்பதில்லை. சுண்ணாம்புக் கூடு கட்டும் புழுக்கள் ஒட்டும், மணல் சேரும், நத்தைக் குஞ்சு நுழையும். பிறகு நான் அறுத்துப் பார்த்தபோது மடலுக்கும் இருக்கைக்கும் நடுவே அரிசி அளவு நத்தை ஓடு ஒன்று குறுக்கே நின்றிருந்தது.

அந்த இரவு நல்ல மழை. மின்சாரம் நான்கு முறை போய் வந்ததைக் காலையில் வாட்ச்மேன் சொல்லித்தான் அறிந்தேன். ஐந்தரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"தம்பி, மேல தண்ணி எதுவும் திறந்து விட்டுட்டீங்களா? எங்க ஹால்ல ஃபேன் கம்பி வழியாச் சொட்டுது. மெயினை ஆஃப் பண்ணிட்டு வந்தேன்."

என் பின்னால் கூடத்துத் தரை பளபளத்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் வாயில் வந்தது வேறு.

"மழைத்தண்ணியா இருக்கும் டீச்சரம்மா. ஜன்னல் வழியா வந்திருக்கும்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உப்புக் கரிக்குது தம்பி" என்றார்.

இதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. எழுபது வயதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர். மின்விசிறியின் வயர் போகும் குழாய் வழியாக உப்புத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நன்னீரைவிட உப்புநீரில் மின்சாரம் மிக எளிதாகப் பாயும். இருட்டில் எழுந்து ஈரத் தரையில் நின்று ஸ்விட்சைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. அவரிடம்தான் பொய் சொன்னேன்.

அன்று முழுவதும் அவர் வீட்டைத் துடைத்தேன். எலக்ட்ரீஷியன் வந்து விசிறியைக் கழற்றினார், வயரை மாற்றினார். மாலையில் டீச்சரம்மா காபி கொடுத்துவிட்டு, "மேல இருக்குறது மொத்தம் எத்தனை லிட்டர்? இன்னொரு தடவை வந்தா எவ்வளவு வரும்? அதைச் சொல்லுங்க" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வுபெற்றவர் அவர். தேதிக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டார்.

தொட்டி நீளம் 120, அகலம் 45, இறங்கிய ஆழம் 7 சென்டிமீட்டர். பெருக்கினால் 37,800 கன சென்டிமீட்டர், அதாவது 38 லிட்டர். வழிசல் பெட்டியிலும் குழாயிலும் நிற்பது ஒரு 4 லிட்டர். மொத்தம் 42. சம்பின் நீளம் 75, அகலம் 40, அதில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 3 லிட்டர். விளிம்புக்குக் கீழே காலியாக இருந்தது 10 சென்டிமீட்டர், 30 லிட்டர்தான் பிடிக்கும். மீதி 12 லிட்டர் தரைக்கு வந்தாக வேண்டும். "அப்போ 12 லிட்டருக்கா இவ்வளவு ஈரம்?" என்று அவரே கேட்டார். நான் அதற்கும் அப்போதுதான் விடை கண்டுபிடித்தேன்.

ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட, பக்கத்தில் 50 லிட்டர் டிரம்மில் ஆர்.ஓ. தண்ணீர் வைத்து, ஃப்ளோட் வால்வு வழியாகச் சம்புக்கு விட்டிருந்தேன். முதல் முறை 12 லிட்டர் கடல்நீர் தரைக்குப் போனது. மின்சாரம் வந்து மோட்டார் ஓடியதும் சம்பின் மட்டம் குறைந்திருந்தது. ஃப்ளோட் திறந்து 12 லிட்டர் நல்ல தண்ணீரை நிரப்பிவிட்டது. அடுத்த தடவை மறுபடி 12 லிட்டர் தரைக்கு. நான்கு தடவையில் 48 லிட்டர். டிரம் காலி. 300 லிட்டர் கடலில் தடவைக்கு நாலு சதவீதம் உப்பு வெளியேறி, அந்த இடத்தில் நன்னீர் சேர்ந்திருக்கிறது. 1.025 காட்டிய உப்பு அடர்த்தி 1.021க்கு வந்திருந்தது. கோமாளி மீன்கள் தாங்கிக்கொண்டன. நட்சத்திர மீனுக்குத் தன் உடலின் உப்பைத் தானே சீர்செய்துகொள்ளும் வழி கிடையாது; வெளியே தண்ணீர் எப்படியோ உள்ளேயும் அப்படி. அது மறுநாள் கைகள் சுருண்டு, இரண்டு நாளில் கரைந்தது. இறால்களில் ஒன்று அன்று மாலையே போய்விட்டது. அது என் விரல்மேல் ஏறி நகத்தைச் சுத்தம் செய்யும்.

குழாய்களை மறுபடி அறுத்தேன். இந்த முறை பிளம்பர் அண்ணனிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் சொன்ன இடத்தில் இரண்டு யூனியன் போட்டேன். இடம் போதவில்லை என்று நான் சொன்னது சோம்பல். அலமாரியின் ஒரு பலகையை நாலு விரல் நகர்த்தியதும் இடம் வந்துவிட்டது. என்.ஆர்.வி.யை எடுத்தேவிட்டேன். அது இருந்தால் நான் மறுபடி அதை நம்புவேன். ஏற்றுக் குழாயின் வாய் இப்போது மட்டத்துக்குக் கீழே ஒன்றரை சென்டிமீட்டரில் இருக்கிறது. துளை இரண்டு, ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர், ஒன்று அடைத்தாலும் மற்றது இருக்கும். ஞாயிறுதோறும் பல்குச்சியால் குத்திவிடுகிறேன், ஏனென்றால் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி ஒரு மாதத்தில் மூடிவிடும். இறக்குக் குழாயும் இரண்டானது. ஒன்று அடைத்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். தொண்ணூறு டிகிரி எல்போ இருந்த இடங்களில் இரண்டிரண்டு நாற்பத்தைந்து டிகிரி எல்போ வைத்தேன். தண்ணீர் முட்டாமல் வளைந்து போகிறது, சத்தமும் பாதியாகிவிட்டது. நான் துளையை அடைத்துத் தேடிய அமைதியை இப்படியே அப்போதே அடைந்திருக்கலாம். 50 லிட்டர் டிரம்முக்குப் பதில் 5 லிட்டர் கேன். தினமும் நிரப்ப வேண்டியிருக்கிறது, நிரப்புகிறேன்.

சம்பின் கண்ணாடியில் 30 சென்டிமீட்டரில் ஒரு கோடும் 34இல் ஒரு கோடும் மார்க்கரால் போட்டிருக்கிறேன். மாதம் ஒரு முறை மோட்டாரை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பார்ப்பேன். தண்ணீர் கீழ்க்கோட்டிலிருந்து மெல்ல ஏறி, மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே வந்து நிற்கும். குழாயில் காற்று புகும் சத்தம், கடைசியாக ஒரு மடக். அது கேட்கும்வரை நான் எழுந்திருப்பதில்லை. முதல் முறை டீச்சரம்மாவை மேலே கூப்பிட்டுக் காட்டினேன். காலண்டர் தாளில் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

அவர் வீட்டுக் கூரையில் மின்விசிறிக்குப் பக்கத்தில் தட்டளவு இடத்தைச் சுரண்டிப் பூசி மூன்று முறை பெயின்ட் அடித்தாகிவிட்டது, என் செலவில். காங்கிரீட்டுக்குள் போன உப்பு அங்கேயேதான் இருக்கிறது. அது உள்ளே இருக்கும் கம்பியைத் தின்னும் என்று பொறியாளர் சொல்லியிருக்கிறார், அடுத்த கோடையில் அந்த இடத்தைக் கொத்திப் பார்க்க வேண்டும். மழைக்காலம் தொடங்கியதும் பெயின்ட்டுக்கு மேலே வெள்ளை பூக்கிறது. கீழே போகும்போதெல்லாம் நான் அண்ணாந்து பார்க்கிறேன். அவர் பார்ப்பதில்லை. காபி கொடுத்துவிட்டு, இருக்கிற இன்னொரு இறால் எப்படியிருக்கிறது என்று விசாரிக்கிறார்.