வன்னி வழிக்கு ஏற்ற பாட்டு

பயணம் புறப்படும் குடும்பத்தார் கட்டுச்சோற்றை மறப்பதில்லை. தண்ணீர்ப் போத்தலையும் மறப்பதில்லை. வழித்துணையாக வரவேண்டிய இசையை மட்டும் வண்டி நகரத் தொடங்கிய பின்னரே தேடுவர். பேருந்தில் செல்வோர்க்கு இக்கவலை இல்லை. சாரதி விரும்பியதே அங்கு எல்லோர்க்கும் பாட்டு. சொந்த வண்டியிலோ தெரிவு நம்முடையது. ஆகவே வழக்கும் நம்முடையதே!

சென்ற விடுமுறையில் வவுனியாவிலிருந்து முள்ளியவளைக்குச் சென்றோம். அஃது என் தந்தையாரின் பிறந்த ஊர். பல்கலைக்கழகத்தில் பயிலும் என் மகளின் கைத்தொலைபேசியில் ஆயிரக்கணக்கான பாடல்கள் இருந்தன. எனினும் ஓமந்தையை அடையுமுன் எட்டுப் பாடல்கள் தொடங்கின, ஒன்றேனும் முடிவுறவில்லை.

பின்னிருக்கையிலிருந்த தந்தையார் பொறுமையிழந்தார். "பிள்ளை, ஒண்டையாவது முடிய விடன்" என்றார்.

"பிடிக்காட்டி மாத்தத்தானே வேணும், அப்பப்பா?" என்றாள் மகள்.

அப்போது அவர் தம் பழங்கதையைச் சொன்னார். 1990களில் வன்னியில் மின்சாரம் இல்லை, மின்கலங்களுக்கும் தடை. ஆயினும் மக்கள் இசையைக் கைவிட்டாரல்லர். மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் சிறு மின்சாரத்தைக் கொண்டு வானொலியையும் ஒலிநாடாவையும் கேட்டனர். சுழற்றும் கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும். "கை நோகக் கேட்ட பாட்டைப் பாதியிலை விட மனம் வருமோ?" என்று அவர் கேட்டார். மகள் மறுமொழி கூறவில்லை.

அதன்பின் எம்முள் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. தனிப்பாட்டு வேண்டாம், ஒரு தொகுதியை எடுத்தால் முதலிலிருந்து முடிவுவரை கேட்பது. முன்னாளில் மூன்று நிமிடம் பாடும் ஒலித்தட்டுகள் பலவற்றைப் படங்கள் ஒட்டும் ஏட்டைப் போன்ற அட்டைப் புத்தகத்தில் அடுக்கி விற்றனர். ஆல்பம் என்னும் பெயர் அவ்வாறே வந்தது. 1948இல் வெளிவந்த நெடுந்தட்டு ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பாடிற்று. 1963இல் ஒலிநாடாப் பேழை தோன்றியது. 90 நிமிட நாடாவின் ஒரு பக்கம் முக்கால் மணி நேரம். வவுனியாவிலிருந்து மாங்குளத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே ஆகும். பாட்டுக்கும் வழிக்கும் இத்தகைய பொருத்தம் பார்ப்பது நன்றன்றோ?

நெடுஞ்சாலையின் நேரான ஓட்டத்துக்கு நாதஸ்வரமும் தவிலும் பொருந்தின. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் ஒலிக்கையில் தந்தையாரின் விரல்கள் தாமாகவே தாளமிட்டன. மாங்குளச் சந்தியில் வலப்புறம் திரும்பியதும் தெரிவு மகளுடையதாயிற்று. பாலையும் முதிரையும் நிற்கும் ஒட்டுசுட்டான் வழிக்கு இளையராஜா 2005இல் வெளியிட்ட திருவாசகத்தை அவள் எடுத்தாள். ஆறே பாடல்கள், அவசரமற்றவை. இளையோர்க்குப் பொறுமையில்லை என்ற என் எண்ணத்தை அன்று மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் முல்லைத்தீவு நகரைத் தாண்டி வட்டுவாகல் பாலத்தை அடைந்தோம். இருமருங்கும் நந்திக்கடல் நீர். 2009 மே மாதத்தில், போரின் இறுதி நாட்களில், பல்லாயிரம் மக்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கடந்து வந்த வழி இது. ஒருவரும் சொல்லாமலே மகள் இசையை நிறுத்தினாள். எப்பாட்டையும் வேண்டாத இடங்களும் வழியில் உண்டு. அக்கரை சேரும்வரை காற்றின் ஓசையே கேட்டது.

அன்றிரவு முற்றத்தில் அமர்ந்திருந்தபோது தந்தையார், தாம் இளமையில் ஆடிய கோவலன் கூத்திலிருந்து பாடினார். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வீற்றிருக்கும் அந்நாட்டில் அக்கூத்து ஊரோடு வளர்ந்தது. பின்னர் வயற்காவலின் நினைவாகக் குருவிப்பள்ளும் பன்றிப்பள்ளும் வந்தன. இடையிடையே அடிகள் மறந்தன, மூச்சு வாங்கியது. "முந்தி இதைப் படிக்கக்குள்ளை பின்பாட்டுக்கு நாலு பேர் இருந்தினம், இப்ப நான் மட்டும்தான்" என்றார். மகளோ கைத்தொலைபேசியைத் திண்ணையில் வைத்து, ஒலியைப் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் எதைக் கேட்பது என்னும் வழக்கு எழவில்லை. தந்தையார் ஊரிலேயே தங்கிவிட்டார். ஆனால் அவர் குரல் எம்முடன் வந்தது. இருமலும், தூரத்து நாயின் குரைப்பும், மறந்த அடியைத் தேடும் மௌனமும் அதிலிருந்தன. ஓர் இடத்தையும் மகள் தாண்டிவிடவில்லை.

மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நல்ல இசைத்தொகுதிகளைத் தெரிந்து எடுத்துச் செல்லுங்கள். திரும்பி வரும்போது, எக்கடையிலும் கிடைக்காத ஒன்றை வீட்டு முதியோரிடம் கேட்டு வாங்கி வாருங்கள். அதற்குக் காலம் தாழ்த்துதல் ஆகாது.