நேனு, நானுங்க சாமி

எங்கள் வளவுக்குள் நாங்கள் பேசுவது தெலுங்கு. கிழுவை வேலியைத் தாண்டிக் கால் வைத்தால் தமிழ். சேலம், நாமக்கல் பக்கத்து அருந்ததியர் வீடுகள் பலவற்றில் இதுதான் நடப்பு. எங்கய்யன் வீட்டுக்குள் ‘நேனு’ என்று சொல்லும்போது ஒரு ஆள். கவுண்டர் வாசலில் ‘நானுங்க சாமி’ என்று சொல்லும்போது வேறு ஆள். உயரமே அரையடி குறைந்துவிடும். இந்த ரெண்டு ‘நானி’ல் எதை எழுதுவது என்று பல வருஷமாக மாட்டிக்கொண்டு கிடக்கிறேன்.

சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தேன். மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ பாடம். 1884இல் இங்கிலாந்திலும் அடுத்த வருஷம் அமெரிக்காவிலும் வெளிவந்த நாவல். படிப்பு ஏறாத ஒரு வெள்ளைக்காரப் பையன் தன் பேச்சுமொழியிலேயே ‘நான்’ என்று கதை சொல்கிறான். அமெரிக்கத் தனிமனிதன் பிறந்ததே இந்தக் குரலில்தான் என்று பேராசிரியர் பரவசப்பட்டார். தெப்பத்தில் கூடவே வருகிற அடிமை ஜிம் என்ன நினைக்கிறான் சார் என்று கேட்டேன். “ஜிம் கதைசொல்லி இல்லையேப்பா” என்று சிரித்தார். வகுப்பும் சிரித்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நாவலின் கடைசியில் ஒன்று வருகிறது. ஜிம்முடைய எஜமானி செத்துப்போவதற்கு முன்பே உயிலில் அவனுக்கு விடுதலை எழுதிவைத்துவிடுகிறாள். டாம் சாயருக்கு இது தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல், அடைபட்டுக் கிடக்கிறவனைத் தப்பவைக்கிற விளையாட்டு ஆடுகிறான். இதை எங்களுக்கு நகைச்சுவை என்றுதான் நடத்தினார்கள்.

2024இல் பெர்சிவல் எவெரெட் என்ற கறுப்பின எழுத்தாளர் இதே கதையை ஜிம்மின் வாயால் ‘ஜேம்ஸ்’ என்று எழுதினார். அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதில் அடிமைகள் தங்களுக்குள் நல்ல இங்கிலீஷ் பேசுகிறார்கள். வெள்ளைக்காரன் தலை தெரிந்ததும் குழறிப் பேசுகிறார்கள். எப்படிக் குழறுவது என்று பிள்ளைகளுக்குப் பாடமே நடக்கிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எங்காத்தா எனக்குச் சொல்லித்தந்ததும் இதே பாடம்தான். “சாமின்னு சொல்லு. துண்ட எடுத்துக் கக்கத்துல வெச்சுக்க. கண்ணப் பாக்காத.” ரெண்டு நாள் கழித்து மறுபடி எடுத்துப் படித்தேன். ஜேம்ஸ் எழுதட்டும் என்று ஒரு அடிமை தன் எஜமானிடமிருந்து ஒரு துண்டுப் பென்சிலைத் திருடிக் கொடுக்கிறான். அதற்காக அவனைத் தூக்கில் தொங்கவிடுகிறார்கள்.

ஆசிரியன் செத்துவிட்டான், தன்னிலை சிதறிவிட்டது என்று 1990களில் நம் சிறுபத்திரிகைகளில் எழுதிக் குவித்தார்கள். நானும் அடிக்கோடு போட்டுப் படித்தவன்தான். எங்கள் வளவில் ஆசிரியன் என்று ஒருத்தன் அப்போது பிறந்திருக்கவே இல்லை. சாவுக்கு முந்திக்கொண்டு வந்துவிட்டார்கள். அதே நேரத்தில்தான், 1992இல், பாமாவின் ‘கருக்கு’ வந்தது. அதில் ‘நான்’ எந்த இடத்தில் ‘நாங்க’ ஆகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. எனக்கு அதுதான் தைரியம் கொடுத்தது.

ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் தன் அடிமை வாழ்வை எழுதியபோது, தலைப்பிலேயே ‘தானே எழுதியது’ என்று போட வேண்டியிருந்தது. அது போதாதென்று ரெண்டு வெள்ளைக்காரர்கள் புத்தகத்துக்கு முன்னால் நின்று சாட்சி சொன்னார்கள். நமக்குத் தாசில்தார் கையெழுத்துப் போல. தனக்கு என்ன வயசு என்று தெரியாது என்பதைத்தான் அவர் தொடக்கத்திலேயே சொல்கிறார். எங்கய்யனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அது வாத்தியார் போட்ட ஜூன் மாசத்துப் பிறந்தநாள்.

அய்யனைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் அவர் சொன்னது மூணே வார்த்தை: “நா பேரு ராயொத்து.” என் பேரை எழுதாதே. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை காலம் பேர் இல்லாமல் கிடந்தது போதாதா என்று கத்தினேன். நிதானமாகச் சொன்னார். “உங்கக்கா பையன் அவிக கோழிப்பண்ணையிலதான முட்டை பொறுக்கறான். நீ எழுதிட்டுச் சேலத்துக்குப் போயிருவ.” பதில் இல்லை என்னிடம். ஹேரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண் 1861இல் தன் அடிமைக் கதையை லிண்டா ப்ரென்ட் என்ற பொய்ப்பேரில்தான் சொன்னாள். அதனாலேயே அது கதை, பதிப்பித்த வெள்ளைக்காரப் பெண்மணியே எழுதியது என்று ரொம்ப காலம் பலர் நம்பினார்கள். அவளே எழுதியதுதான் என்று கடிதங்களைக் கொண்டு நிலைநாட்ட 1980கள் வரைக்கும் ஆயிற்று. பேரை மறைத்தால் இந்த ஆபத்து. மறைக்காவிட்டால் அக்கா பையனுக்கு வேலை போகும்.

அவரைப் பேசவைக்கலாம் என்று பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யை வாசித்துக் காட்டினேன். 2000இல் வந்த நாவல். திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டுக்காட்டில் ஆடு மேய்க்கும் நம் பையன்களின் கதை. எழுதியவர் கவுண்டர் வீட்டில் பிறந்தவர். பையன் பேர் கூளையன். உடம்பைப் பார்த்து வைத்த பேர். அய்யன் கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் ரெண்டு தடவை “ஆமா” என்றார். முடித்ததும், “நம்மாளு இல்ல. ஆனா ஆட்டப் பத்தித் தெரிஞ்சிருக்கான்” என்றார். கொஞ்சம் கழித்து, “ராத்திரி பட்டியில படுத்து அந்தப் பையன் என்ன நெனச்சான்னு இவனுக்கு எப்பிடித் தெரியும்?” கல்லூரியில் நான் கேட்ட கேள்வி. இங்கே யாரும் சிரிக்கவில்லை. அந்த நாவலை நான் மதிக்கிறேன், நம்மைக் கேலிப்பொருள் ஆக்காத எழுத்து அது. இருந்தாலும் அய்யன் கேட்டது அப்படியே நிற்கிறது.

அன்று ராத்திரி அவராகவே ஆரம்பித்தார், தெலுங்கில். ஒரு பையன் இருந்தானாம். பண்ணையத்துக்கு விட்டிருந்தார்கள். எட்டோ ஒம்பதோ வயசு. மத்தியானம் கண்ணசந்துவிட்டான். ஆடுகள் பக்கத்துக் கவுண்டர் கடலைக்காட்டில் பூந்துவிட்டன. பண்ணையக்காரர் வந்து பையனைப் பனைமரத்தோடு சேர்த்துக் கட்டினார். தும்புக் கயிறு. பொழுது இறங்கும்வரை அவிழ்க்கவில்லை. மற்ற ஆள்காரப் பையன்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள், கிட்ட வரப் பயம். “ஒரே ஒரு ஆடு மட்டும் வந்து என் பக்கத்துலயே படுத்துக்கிச்சு. நேனு அத்தப் பாத்துக்கிட்டே...”

நிறுத்திக்கொண்டார். துண்டால் வாயைத் துடைத்தார். பிறகு மறுபடி ‘அந்தப் பையன்’ என்று ஆரம்பித்துக் கதையை முடித்துவிட்டார். மணிக்கட்டில் வளையல் போல ஒரு தழும்பு உண்டு அவருக்கு. சின்ன வயசில் கேட்டால் வண்டிக்கயிறு அறுத்தது என்பார்.

மூணு தடவை எழுதிப் பார்த்தேன். ‘அவன்’ என்று எழுதினால் கூளையன் மாதிரி ஆகிறது. ‘நான்’ என்று எழுதினால் நான் கட்டுண்டது போலப் பொய்யாகிறது. கடைசியில் அவர் சொன்னபடியே, ஒரே ஒரு இடத்தில் மட்டும் ‘நேனு’ விழும்படி எழுதிப் போய் வாசித்துக் காட்டினேன்.

“பேரு போடலையே?”

“போடலீங்கய்யா.”

“அந்த ஆட்டுக்குப் பேரு வெள்ளச்சி. அத வேணும்னா போட்டுக்க” என்றார்.